போஸ்டரில் எங்கேயோ இடிக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

போஸ்டர் தயார். குழுவில் நாலு பேருக்கு அனுப்பியாயிற்று. "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னவோ ஒரு மாதிரி இருக்கு" என்று பதில் வருகிறது. அந்த "என்னவோ" என்ன என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. உடனே தலைப்புக்குப் பின்னால் ஒரு நிழல், ஓரத்தில் ஒரு பூ வரிசை, இன்னொரு நிறம் என்று சேர்க்கத் தொடங்குகிறோம். நோய் அப்படியே இருக்க, மேலே நகை மட்டும் ஏறுகிறது.

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிக்கு போஸ்டர் செய்பவர்களில் பெரும்பாலோர் தொண்டூழியர்கள். பகலில் வேறு வேலை, இரவில் கேன்வாவோ பவர்பாயிண்டோ திறந்து உட்காருகிறார்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்துவிட்டால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கூடச் செய்ய வேண்டியிருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் போஸ்டரில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். பாதிக் குறைகள் இதிலேயே அகப்பட்டுவிடும்.

ஒன்று, போஸ்டரைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவிலும் எது முதலில் தெரிகிறது என்று பாருங்கள். இரண்டு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கைப்பேசியின் படத் திருத்தியிலேயே இதற்கு வசதி உண்டு. எந்த எழுத்து பின்னணியோடு கரைந்து போகிறதோ அங்கே ஒரு குறை இருக்கிறது.

"எல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை"

இதுதான் அதிகம் வரும் புகார். நகம் அளவுக்குச் சுருக்கியதும் எல்லாம் ஒரே சாம்பல் படலமாகத் தெரிந்தால் காரணம் உறுதி: எல்லா வரிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. தலைப்பு 36 புள்ளி (எழுத்து அளவின் அலகு), சிறப்பு விருந்தினர் பெயர் 32, தேதி 30, இடம் 28, ஏற்பாட்டாளர் 28. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பெரிய எழுத்துதான். ஆனால் அளவில் வித்தியாசம் இருந்தால்தான் கண் ஒன்றை முந்தியது என்றும் மற்றதைப் பிந்தியது என்றும் எடுத்துக்கொள்ளும். சின்ன வித்தியாசத்தை அது மதிக்காது.

இதைச் சரிசெய்ய முதலில் கணினியை மூடிவிட்டு ஒரு தாள் எடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் ஒருவர் உங்கள் போஸ்டரைப் பார்க்கிறார். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் மனத்தில் நிற்கும் என்றால் எது நிற்க வேண்டும்? இரண்டாவதாக எது? மூன்றாவது? இந்த மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் நான்காவது. அப்புறம் மூன்றே மூன்று எழுத்து அளவுகள் போதும். ஒவ்வொன்றும் அடுத்ததைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்கட்டும். ஏ3 தாளுக்குத் தலைப்பு 90 புள்ளி, தேதியும் இடமும் 40, மற்றவை 22 என்று தொடங்கிப் பாருங்கள். உங்கள் எழுத்துருவுக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும், அது பரவாயில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டாலே அது தனித்துத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. எழுத்தைச் சாய்த்து அழுத்தம் காட்டும் வழக்கமும் நமக்கு வேரூன்றியதில்லை. சாய்த்தால் பல எழுத்துருக்களில் வளைவுகள் கோணிப்போய்விடும். ஆகவே தமிழில் முன்னுரிமை காட்ட நமக்கு இருப்பவை அளவு, தடிமன், நிறம், சுற்றி விடும் இடம் ஆகிய நான்குதான். ஆங்கில போஸ்டரைப் பார்த்து அப்படியே தமிழில் செய்தால் தட்டையாக வருவதற்கு இதுவே காரணம். அங்கே பெரிய எழுத்து செய்த வேலையை இங்கே யாராவது செய்தாக வேண்டும்.

"தேதி போஸ்டரிலேயே இருக்கிறது, ஆனாலும் எல்லாரும் கேட்கிறார்கள்"

தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஆனால் தேதி தலைப்புக்குக் கீழே, நேரம் வலது ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள், இடம் அடியில் சின்னங்களுக்குப் பக்கத்தில். படிப்பவர் மூன்று இடத்தில் தேடிப் பொறுக்க வேண்டும். யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது, அதனால் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறார்கள்.

பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் 1923இல் இதை விளக்கி எழுதினார். வெறும் புள்ளிகளை வரிசையாக வைத்து, இடைவெளியை மட்டும் மாற்றினாலே அவை சோடி சோடியாகத் தெரியும் என்று காட்டினார். நிறமோ வடிவமோ மாற வேண்டியதில்லை, இடைவெளி ஒன்றே போதும்.

போஸ்டரில் இதை இப்படிப் பயன்படுத்துங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரே கட்டாக வையுங்கள். அவற்றுக்குள் இருக்கும் இடைவெளியைப்போல் இரண்டு மடங்காவது அந்தக் கட்டைச் சுற்றி இருக்கட்டும். அதேபோலப் பதிவு செய்ய வேண்டிய எண்ணும் கட்டணமும் ஒரு கட்டு. பேச்சாளர் பெயரும் அவரது தலைப்பும் ஒரு கட்டு. பேச்சாளர் படத்துக்கும் அவர் பெயருக்கும் நடுவே வேறு எதுவும் வரக்கூடாது. இரண்டு பேச்சாளர் படங்களுக்கு நடுவில் ஒரு பெயர் நின்றால் அது யாருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அடிக்கடி பார்க்கும் குறை இது, நகர்த்தினாலே போதும், சரியாகிவிடும்.

"நெரிசலாக இருக்கிறது"

எழுத்தைச் சிறிதாக்கி இடம் உண்டாக்கலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், சொற்களைக் குறையுங்கள். "அனைவரும் வருக வருக என அன்போடு அழைக்கிறோம்" என்ற வரி மனசுக்கு நிறைவுதான். ஆனால் போஸ்டரே ஓர் அழைப்பு. அந்த வரியை எடுத்தால் தேதிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு நான்கு ஓரங்களிலும் ஒரே அளவு விளிம்பு விடுங்கள். ஏ3 தாளில் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்ததும் அதை நிரப்பத் தோன்றும். அந்த ஆசையை அடக்குங்கள், தலைப்பை முன்னால் தள்ளிக் கொடுப்பதே அந்தக் காலியிடம்தான்.

"ஆங்கிலம் அழகாக இருக்கிறது, தமிழ் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது"

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் நாம் இருமொழி போஸ்டரும் நான்மொழி பலகையும் பார்த்தே வளர்கிறோம். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், முதலில் ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் தமிழைக் கடைசியாக நுழைக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. "ஞாயிற்றுக்கிழமை" என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு விட்ட பெட்டிக்குள் அது அடங்காது. உடனே எழுத்தைச் சுருக்குவார்கள், அல்லது பக்கவாட்டில் அமுக்குவார்கள். அமுக்கிய தமிழில் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துப்போகும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். தமிழ்த் தலைப்பை முதலில் வைத்து, அதற்குத் தேவையான அகலத்தை முடிவுசெய்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தைக் கொண்டுவாருங்கள். ஆங்கிலம் குட்டையானது, எங்கேயும் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இனி நுணுக்கங்கள். வரி இடைவெளியை முதலில் பாருங்கள். மென்பொருள் தானாக வைப்பது பெரும்பாலும் எழுத்து அளவில் 1.2 மடங்கு. அது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மேலே புள்ளியும் கி, கீ-யின் கொக்கியும் இருக்கும், கீழே கு, மூ, ஞ-வின் வால் இறங்கும். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். 1.4 அல்லது 1.5 மடங்கு வையுங்கள். தலைப்பு இரண்டு வரியாக வந்தால் எந்தெந்த எழுத்து ஒன்றன்கீழ் ஒன்று விழுகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது எழுத்திடைவெளி. ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் ஒரு மிடுக்கு வரும். அதே அமைப்பைத் தமிழுக்குப் போட்டால் "பொங்கல் விழா" என்பது "பொ ங் க ல் வி ழா" என்று உதிர்ந்துவிடும். சில மென்பொருள்களில் ழா-வின் கால் ழ-வை விட்டே விலகி நிற்கும். தமிழில் எழுத்திடைவெளியைப் பூஜ்யத்தில் விடுங்கள். தலைப்பு அகலமாக வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

மூன்றாவது, தடிப்பு. பல எழுத்துருக்களில் தடித்த வடிவமே கிடையாது. இருந்தும் "தடிப்பு" பொத்தானை அழுத்தினால் மென்பொருள் இருப்பதையே வீங்க வைக்கும். சுழிகள் அடைபட்டு மை சிந்தியதுபோல ஆகிவிடும். அதற்குப் பதிலாக, பல தடிமன்களோடு வடிவமைக்கப்பட்ட எழுத்துருவை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் ஆகியவை கூகல் எழுத்துருத் தொகுப்பில் இலவசம். கட்டமரானிலும் முக்த மலரிலும் ஆங்கில எழுத்தும் கூடவே வரைந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு மொழியும் ஒரே கையில் எழுதியதுபோலப் பொருந்தும். நிர்மலா எழுத்துரு விண்டோஸ் கணினியில் தானாகவே இருப்பது, பழைய விண்டோஸில் லதாவும் அப்படி இருந்தது. அறிவிப்புக் கடிதத்துக்குப் போதும், விழாத் தலைப்புக்கு உயிர் பற்றாது.

அளவு விஷயத்திலும் எண்ணை நம்பாதீர்கள். இரண்டு மொழிக்கும் 24 புள்ளி போட்டால் இரண்டும் ஒரே உயரத்தில் தெரியும் என்று உறுதியில்லை. தமிழில் "க" நிற்கும் உயரமும் ஆங்கிலச் சிறிய எழுத்து நிற்கும் உயரமும் ஏறக்குறைய சமமாகத் தெரியும்வரை ஒன்றைக் கூட்டிக் குறையுங்கள். அளவை முடிவுசெய்ய வேண்டியது உங்கள் கண்தான்.

"எழுத்து உடைந்து வருகிறது"

இதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

வெறும் சதுரக் கட்டங்களாக வந்தால், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை. எழுத்துருவை மாற்றினால் போதும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து புரியாத வரியாக வந்தால், மூல உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றியவை. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு) மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. "பொங்கல்", "கோயில்" போன்ற சொற்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் பதிவாகும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எழுத்து குலைந்துவிடும். ஃபோட்டோஷாப்பின் சில பழைய பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் "வேர்ல்டு-ரெடி லேயவுட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் "வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்று இருக்கும். இதைத் தமிழ் தெரியாத வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருக்கு உடைந்ததும் உடையாததும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரிய நிகழ்வுகளின் துண்டறிக்கையிலேயே இப்படி உடைந்த தமிழ் வெளிவந்து இங்கே செய்தியாகியிருக்கிறது. இணையத்தில் தமிழ் ஏறுவதற்கு முன்னோடியாக உழைத்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. அந்த ஊரில் நாம் இதைக் கவனிக்காமல் விடலாகாது.

அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள், அல்லது எழுத்தை வரைகோடாக (அவுட்லைன்) மாற்றுங்கள். அச்சான பிறகு வரும் மாதிரியை, தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கட்டும்.

"நிறம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் படிக்கக் கண் வலிக்கிறது"

விழா என்றால் சிவப்பு, பச்சை, மஞ்சள். நமக்குப் பிடித்த நிறங்கள்தான், குறையே இல்லை. பிரச்சினை எது எதன்மேல் இருக்கிறது என்பதில்தான். கறுப்பு வெள்ளைச் சோதனையில் பச்சைமேல் சிவப்பு எழுத்து காணாமலே போயிருக்கும், ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தருபவை.

இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டியில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நடுத்தரப் பச்சைமேல் தூய சிவப்பைக் கணக்கிட்டால் 1.3தான் வரும். வெள்ளைமேல் பளிச் மஞ்சள் 1.1கூட எட்டாது. அதே மஞ்சளை அரக்குச் சிவப்பின்மேல் வைத்தால் 10ஐத் தாண்டும். நிறத்தை மாற்ற வேண்டியதில்லை, ஒன்றை நன்றாக இருட்டாக்கி மற்றதை வெளிச்சமாக்கினால் போதும். நம் நிகழ்ச்சிகளுக்கு வருபவர்களில் தாத்தா பாட்டிகள் நிறைய. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளித்து, உள்ளே போகும் ஒளி குறையும். அவர்களுக்கு 4.5 என்பது குறைந்தபட்சம்.

படத்தின்மேல் எழுத்து வைத்தால் இதே குறை வேறு உருவில் வரும். கோலத்தின் வெள்ளைக் கோட்டின்மேல் வெள்ளை எழுத்தின் பாதி கரைந்துவிடும். எழுத்துக்கு நிழல் போடுவதைவிட, படத்தின் அந்தப் பகுதியை இருட்டாக்குங்கள், அல்லது எழுத்தைப் படத்தை விட்டு வெளியே கொண்டுவாருங்கள்.

நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லவும் கூடாது. "பச்சையில் உள்ளவை இலவசம், சிவப்பில் உள்ளவை கட்டணம்" என்று போட்டால் நிறப்பார்வைக் குறை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றே. எம்ஆர்டி ரயில் வரைபடத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பாதை ஊதா, டௌன்டவுன் பாதை நீலம். ஆனாலும் லிட்டில் இந்தியா நிலையத்தில் என்இ7, டிடி12 என்ற குறியீடுகளும் கூடவே இருக்கின்றன. நிறம் தெரியாதவரும் எழுத்தையும் எண்ணையும் வைத்து வீடு போய்ச் சேர்வார்.

இன்னொன்று, உங்கள் போஸ்டர் கண்ணாடி மூடிய அறிவிப்புப் பலகைக்குள் போகப்போகிறது என்றால் கருநிறப் பின்னணியைத் தவிருங்கள். பார்ப்பவருக்கு அதில் தன் முகமும் எதிர் புளோக்கும்தான் தெரியும்.

"ஏதோ கோணலாகத் தெரிகிறது"

வரிகளின் இடது ஓரங்களில் செங்குத்தாகக் கோடு போட்டுப் பாருங்கள். ஆறேழு கோடுகள் விழுந்தால் அதுதான் காரணம். இரண்டாகக் குறையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை பார்த்து வளர்ந்தவர்கள் நாம், எல்லாவற்றையும் நடுவில் வைக்கவே கை போகும். மூன்று குட்டை வரிகளுக்கு அது அழகு. ஐந்து வரிக்கு மேல் போனால் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும், கண் ஒவ்வொரு முறையும் தேடும். அங்கே இடது ஓரமாகச் சீர் செய்யுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் அமைப்பு தமிழுக்கு வேண்டாம். நீளச் சொல் ஒன்று கீழ் வரிக்குப் போனதும் மேல் வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும்.

அடியில் வரும் ஆதரவாளர் சின்னங்களையும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் நீளமானது பூதாகரமாகவும் வட்டமானது குட்டியாகவும் தெரியும். நீளமானதன் உயரத்தைக் குறைத்து, பார்வைக்குச் சம எடை வரும்படி வையுங்கள்.

"திரையில் நன்றாக இருந்தது, அச்சில் கெட்டுவிட்டது"

படம் மங்கலாக வந்தால் அது வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருக்கும், அனுப்பும்போதே அது சுருக்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டுமென்றால் 3508க்கு 4961 பிக்சல் தேவை. நிறம் மங்கினால் காரணம் இதுதான்: திரை ஒளியால் நிறம் காட்டுவது, அச்சு மையால் காட்டுவது. பளிச் நீலமும் இளம்பச்சையும் மையில் அப்படியே வராது. சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறங்கள்) முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால், வெட்டுக்காகப் பின்னணியை 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நீட்டி விடவில்லை என்று பொருள்.

சாலையோரக் கம்பியில் கட்டும் பேனர் தனிக் கதை. நன்றாகப் படிக்க 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்து உயரம் 25 மில்லிமீட்டர் வேண்டும் என்பது பலகை செய்பவர்களின் கைக்கணக்கு. 15 மீட்டருக்கு அப்பால் பேருந்தில் போகிறவருக்கு 125 மில்லிமீட்டர். தமிழின் சுழிகளுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். அந்த அளவில் ஆறு சொல்லுக்கு மேல் பேனரில் அடங்காது.

"கியூஆர் குறியீடு பிடிக்கவே மாட்டேன் என்கிறது"

குறியீட்டைச் சுற்றி அதன் நான்கு சிறு கட்டங்கள் அளவுக்கு வெற்றிடம் வேண்டும். அலங்கார ஓரம் அதைத் தொட்டால் கேமரா குழம்பும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் குறியீடாகத் தலைகீழாக்காதீர்கள், சில கைப்பேசிகள் அதைப் படிக்காது. நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்கட்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பிடிக்க 10 சென்டிமீட்டர். அதற்குப் பக்கத்திலேயே "பதிவு செய்ய" என்று எழுதுங்கள், எதற்கென்று தெரியாத குறியீட்டை யாரும் பிடிப்பதில்லை.

"திருத்தத் திருத்த மோசமாகிறது"

முதல் வடிவம் நன்றாக இருந்தது. தலைவர் தன் சங்கத்தின் சின்னத்தைப் பெரிதாக்கச் சொன்னார், செயலாளர் நிகழ்ச்சி நிரல் முழுவதையும் போடச் சொன்னார், இன்னொருவருக்கு மஞ்சள் வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான ஆசைதான். ஆனால் ஒவ்வொன்றும் முன்னுரிமை வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கிறது.

முதலில் தாளில் எழுதினீர்களே, எது முதலில், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று. வடிவமைக்கத் தொடங்கும் முன்பே அந்த மூன்று வரியைக் குழுவுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பின்னால் "இதைப் பெரிதாக்குங்கள் தம்பி" என்று கேட்டால், "சரிங்க அண்ணே, அப்ப தேதியைச் சின்னதாக்கணும், செய்யட்டுமா?" என்று அந்த வரிசையைக் காட்டிக் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலுக்குத் தனிப் பக்கம் ஒன்று செய்து, கியூஆர் குறியீட்டில் இணைத்துவிடலாம். வரைவை அனுப்பும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "என்ன நிகழ்ச்சி, எப்போ, எங்கே என்று பார்த்ததும் தெரிஞ்சுதா?" என்று கேளுங்கள். குழுவில் இல்லாத ஒருவருக்கும் அதே கேள்வியோடு அனுப்புங்கள், முடிந்தால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு.